டர்போ மேல் விழுந்த பழி

தென்னை மட்டை மஞ்சளாகிறது என்றால் உடனே மருந்து டப்பாவைத் தூக்கக் கூடாது என்பது உடுமலைப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர்ப் பற்றாக்குறையா, சத்துக் குறையா, வெள்ளை ஈயா, வேர் வாடலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 2016-ம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டியதில் இருந்து இந்தப் பாடத்தை அவர்கள் காசு கொடுத்தே படித்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள், கார் புகைகிறது என்றால் மட்டும் முதலில் பார்த்த மெக்கானிக் எதைச் சொல்கிறாரோ அதை மாற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

தளி சாலையில் உள்ள ஒரு தென்னை விவசாயியின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஏழு பேர் உட்காரும் டர்போ டீசல் கார் அது. இரண்டாம் கையாக வாங்கியது. வீட்டு விசேஷத்துக்கும் அந்த வண்டிதான், உர மூட்டை ஏற்றவும் அதுதான், தேங்காய் வியாபாரியைப் பார்க்கப் பொள்ளாச்சி போகவும் அதுதான். வாரத்தில் நான்கு நாள், பக்கத்து ஊர் நார் மில்லுக்கு மட்டை விலை பேசப் போய் வரும். தோப்புக்குள் இருக்கும் மண் பாதையும் மில் வாசலில் பறக்கும் தூசும் அந்த வண்டிக்குத் தினசரி சாப்பாடு.

முதல் அறிகுறிகள்

சர்வீஸ் முடிந்து இரண்டு மாதத்தில் டிப் ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. ஒரு லிட்டர் ஊற்றினார். அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்குள் திரும்பவும் ஒரு லிட்டர். கீழே தரையில் சொட்டு இல்லை. ஆனால் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் மூட்டில் கறுப்பாக ஆயில் கசிந்து, அதன் மேல் மண் ஒட்டி அடையாகி இருந்தது. வண்டியைச் சும்மா ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஆக்சிலேட்டரை அழுத்தினால், பின்னால் நீலம் கலந்த புகை.

முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஹோஸைக் கழற்றினார்கள். உள்ளே ஆயில் ஓடியிருந்தது. "டர்போ போயிடுச்சுங்ணா. சீல் வழியா ஆயிலைத் தள்ளுது" என்றார்கள். ரீகண்டிஷன் செய்த டர்போ ஒன்று வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு இதை மாட்டினார்கள். ஒரு வெட்டுத் தேங்காய்க் காசு அதோடு போனது. தென்னையில் சுமார் 45 நாளுக்கு ஒரு வெட்டு. அடுத்த வெட்டு வருவதற்குள் அதே ஹோஸில் அதே ஆயில்.

"புது டர்போவும் சரியில்லையாட்ட இருக்குது" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆயில் குறைந்தால் ஊற்றி ஓட்டினார்கள்.

சாவியை எடுத்தும் நிற்காத இன்ஜின்

ஒரு சாயங்காலம் மகன் பொள்ளாச்சியில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தான். கோமங்கலம் தாண்டி ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியவன், முந்தி முடித்துக் காலை எடுத்தான். இன்ஜின் வேகம் குறையவில்லை. கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் இன்னும் ஏறியது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டான். அப்போதும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது.

டீசல் இன்ஜினுக்குப் பற்றவைக்க மின்பொறி தேவையில்லை. அழுத்தத்தில் சூடாகும் காற்றில் எரியக்கூடிய எது வந்தாலும் எரியும். சாவியை அணைத்தால் டீசல் வருவது நின்றுபோகும். ஆனால் இன்டர்கூலருக்குள் தேங்கிக் கிடந்த ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போனால், இன்ஜின் அதையே எரிபொருளாக்கிக்கொள்ளும். வேகம் ஏற ஏற இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஆயில் தீரும் வரை, அல்லது கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் வரை ஓடும்.

மகனுக்கு அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. கியரை மேல் கியருக்குத் தள்ளி, பிரேக்கை முழுபலத்தோடு மிதித்துக்கொண்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கைகால் நடுக்கம் அடங்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அப்பாவுக்குப் போன் செய்தான். வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காமல் விட்டதுதான் அவன் செய்த இரண்டாவது நல்ல காரியம். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீர் டியூப் சொன்ன சேதி

அடுத்து வண்டி போய்ச் சேர்ந்தது உடுமலையில் வேறொரு பட்டறைக்கு. அங்கிருந்த மெக்கானிக் முதலில் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார். டம்ளர் கணக்கில் ஆயில் கொட்டியது. டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. இறக்கையும் எங்கும் உரசவில்லை.

"டர்போ நல்லாத்தானுங்ணா இருக்குது. இது மேல எதுக்குப் பழி போட்டாங்கன்னு தெரியலைங்" என்றார்.

"அப்புறம் ஆயில் எங்கிருந்து வருது தம்பி?"

"அதத்தான் பாக்கோணும்."

இன்டர்கூலரைக் கழுவி மாட்டி, பிரீதர் ஹோஸையும் டர்போவுக்குப் போகும் குழாயில் இருந்து பிரித்து ஒரு பாட்டிலுக்குள் விட்டார். இனி ஆயில் உள்ளே போக வழியில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்டார்ட் செய்தார். பிரீதர் ஹோஸில் இருந்து மூச்சு விட்டு விட்டு, புகையோடு வந்தது. இதைத்தான் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள்.

அடுத்து அவர் எடுத்தது கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். அதை 'ப' எழுத்தைப் போல் வளைத்துத் தரையை ஒட்டித் தொங்கவிட்டு, பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் செருகினார். மறுமுனை திறந்தபடி. இன்ஜின் நிற்கும்போது இருபுறமும் தண்ணீர் ஒரே மட்டம். ஸ்டார்ட் செய்ததும் ஒருபுறம் இறங்கி மறுபுறம் ஏறியது. வேகத்தைக் கூட்டியபோது தண்ணீர் டியூப்பை விட்டு வெளியே குதிக்கப் பார்த்தது. இன்ஜினின் அடிவயிற்றில் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்பதை அந்தத் தண்ணீர் கண்ணுக்குக் காட்டிவிட்டது.

அடிவயிற்றில் ஏன் காற்று சேர்கிறது?

பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரியும் வாயுவைக் கீழே விடாமல் பிடிக்கும். மூன்றாவது, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும் ரிங்கின் இடைவெளி வழியாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். டர்போ இன்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் கசிவும் கொஞ்சம் அதிகம். அது குற்றமில்லை.

அப்படி இறங்கும் வாயு ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்குத்தான் பிரீதர். பழைய வண்டிகளில் அந்தக் குழாய் நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கும். காற்று கெடுகிறது என்று 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அதை மூடி, இன்ஜின் உறிஞ்சும் காற்றோடு சேர்த்து எரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது நம் ஊர்க் கார்களிலும் அதே முறைதான். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாயில் பிரீதர் போய்ச் சேரும். வழியில் ஆயிலை மட்டும் பிரித்துக் கீழே அனுப்ப ஒரு டப்பா இருக்கும். அதையும் தப்பி வரும் கொஞ்சம் ஆயில் ஹோஸுக்குள் ஈரமாகப் படிந்திருப்பது சகஜம். தேங்கி நிற்பதுதான் சகஜமில்லை.

இதில் டர்போவுக்கு ஏன் கெட்ட பெயர் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சைலன்சருக்குப் போகும் வாயுவைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்தக் கருவிக்கு, ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கார்களில் உள்ள சின்ன டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலேயே சுற்றும். அந்த வேகத்தில் ரப்பர் சீல் எதுவும் தாங்காது. மெல்லிய இரும்பு ரிங்கும் காற்றழுத்தமும்தான் ஆயிலை உள்ளே நிறுத்திவைக்கின்றன. பம்ப் அனுப்பும் ஆயில் ஷாஃப்ட்டை நனைத்துவிட்டு, தடிமனான குழாய் வழியாகத் தானாகக் கீழே ஆயில் சம்ப்புக்கு இறங்க வேண்டும். அதைக் கீழே இழுக்கத் தனிப் பம்ப் கிடையாது. மடையில் தண்ணீர் இறங்குவது போல இறக்கத்தில் ஓடுவதுதான்.

கடைமடையில் தண்ணீர் எதிர்த்து நின்றால் மேல் வயலில் என்ன ஆகும்? வரப்பு உடையும். அதேதான் இங்கேயும். சம்ப்பில் அழுத்தம் சேர்ந்தால் டர்போவின் ஆயில் கீழே இறங்க முடியாமல் சீல் வழியாக வழியும். பிரீதர் வழியாகவும் ஆயில் ஆவி டர்போவுக்குள் வந்துகொண்டிருக்கும். இந்த நிலையில் எத்தனை புது டர்போ மாட்டினாலும் அதுவும் ஒழுகத்தான் செய்யும்.

இரண்டு குற்றவாளிகள்

மெக்கானிக் பிரீதர் டப்பாவைக் கழற்றினார். உள்ளே கறுப்பு மெழுகு போல ஆயில் கசடு பாதி வழியை அடைத்திருந்தது. ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப் போட்டதும், இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடும் சின்னச் சின்னப் பயணங்களும் சேர்ந்து செய்த வேலை. சுத்தம் செய்து மாட்டியதும் டியூப்பில் தண்ணீரின் ஏற்றம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை.

"இதோட விட்டா நீங்க ஒரு மாசத்துல திரும்ப வருவீங்ணா" என்றவர், ஒவ்வொரு சிலிண்டராகப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, க்ளோ பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டார். காற்று எங்கே தப்பிக்கிறது என்று கேட்பதுதான் சோதனை. சைலன்சரில் சத்தம் கேட்டால் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஊற்றும் துளையில் சீறல் கேட்டால் ரிங். மூன்று சிலிண்டர்களில் லேசான மூச்சு. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் பாம்பு சீறுவது போலச் சத்தம், ஆயில் துளை வழியாக.

ரிங் ஏன் தேய்ந்தது? ஏர் ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாய்க்குள் அவர் விரலை விட்டுத் தேய்த்து எடுத்துக் காட்டினார். விரலில் செம்மண். ஃபில்டரைத் தாண்டி மண் வரவே கூடாத இடம் அது. அழுக்கு சேரும்போதெல்லாம் கம்ப்ரஸர் காற்றை அடித்து அடித்தே ஒரே ஃபில்டரைப் பல மாதம் ஓட்டியிருக்கிறார்கள். காகித மடிப்பில் சின்னக் கிழிசல். விளிம்பு ரப்பரும் வளைந்து, பெட்டியில் சரியாக உட்காராமல் இருந்தது. மட்டைத் தூசு ஃபில்டரை அடைக்கத்தான் செய்யும். மண் தூசுதான் உப்புக் காகிதம் போல ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும்.

விற்றுவிடலாமா?

இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றதும் விவசாயி யோசித்தார். வெள்ளை ஈயாலும் வாடலாலும் காய்ப்புக் குறைந்திருந்த வருடம் அது. இரண்டு வெட்டுக் காசாவது வேண்டும். விஷயம் தெரிந்து ஒரு புரோக்கர் வந்தார். "கெட்டி ஆயிலை ஊத்தி, அதுல ஒரு டப்பா மருந்தும் கலந்துட்டா ஒரு மாசத்துக்குப் பொகை வராதுங்க. தாராபுரத்துப் பையன் ஒருத்தன் வாடகைக்கு ஓட்ட வண்டி தேடறான். பிரீதரைக் கழட்டிக் கீழ விட்டுட்டா ஹோஸ்லயும் ஆயில் தெரியாது" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி குறுக்கிட்டார். "ஏனுங்க, நம்ம பையனுக்கு ரோட்டுல ஆன மாதிரி அந்தப் பையனுக்கும் ஆனா? பின்னாடி ஏழு பேர் உட்கார்ந்திருப்பாங்க. உதைக்கிற மாட்டை உதைக்கும்னு சொல்லித்தானுங்க சந்தையில விப்போம்."

விவசாயி அதற்குப் பதில் சொல்லவில்லை. புரோக்கருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, பட்டறைக்குப் போன் செய்து, "பிரிச்சுருங்க தம்பி" என்றார். மீதிப் பணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ள மெக்கானிக்கும் ஒத்துக்கொண்டார்.

ஹெட்டை இறக்கியபோது மூன்றாவது சிலிண்டரில் நெட்டு நெட்டாகக் கீறல். மேல் ரிங் கரி பிடித்துத் தன் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. லைனர் உள்ள இன்ஜின் என்பதால் மூன்றாவதுக்கு மட்டும் லைனரும் பிஸ்டனும் புதிதாக மாறின. மற்ற மூன்றையும் லேத் பட்டறையில் அளந்து பார்த்ததில் தேய்மானம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது. அவற்றுக்கு ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டினார்கள். டர்போவின் ஆயில் இறங்கு குழாயையும் கழற்றி, கரி இல்லாமல் சுத்தம் செய்தார்கள். டர்போவை மாற்றவில்லை. முதலில் கழற்றிக் கொடுத்த பழைய டர்போவும் நல்லதாகவே இருந்திருக்கக்கூடும். அதை இப்போது யார் சொல்வது?

வேலை முடிந்த பிறகு மெக்கானிக் சொன்னது இதுதான். "வண்டியை நிறுத்திப் போட்டுச் சும்மா ஓட விடாதீங்ணா. அப்படி விட்டா ரிங் உக்காராம சிலிண்டர் கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆயிரும். ரோட்டுல வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டுங்க. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாத்திருங்க."

ஆறு மாதம் கழித்து அதே டியூப்பை மாட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டம். சர்வீஸுக்கு நடுவில் ஆயில் ஊற்ற வேண்டிய தேவை வரவில்லை.

தோட்டத்துக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் பலர் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விகள் டர்போ வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

*ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. இன்ஜின் போய்விட்டதா?*

அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நல்ல டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் ஆவி வரும். ஆயில் குறைகிறதா, நீலப் புகை இருக்கிறதா, இழுவை குறைந்ததா என்று சேர்த்துப் பாருங்கள். பிரீதரைச் சுத்தம் செய்த பிறகு அழுத்தத்தை அளந்து, உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

*ஆயில் பிடிக்கும் டப்பாவை வெளியில் வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?*

'கேட்ச் கேன்' என்று விற்பது அதைத்தான். பிரீதருக்கும் டர்போ குழாய்க்கும் நடுவில் மாட்டினால் ஆயில் இன்டர்கூலருக்குப் போகாமல் தடுக்கும். ஆனால் தேய்ந்த ரிங்கை அது சரிசெய்யாது. அதன் குழாய், பழைய பிரீதர் ஹோஸைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. டப்பா நிறைவதற்குள் கொட்ட வேண்டும். அடைத்துக்கொண்டால் அதுவே புது வியாதி.

*பிரீதரைக் கழற்றித் தரையைப் பார்த்து விட்டால் என்ன?*

புகை விதிகளுக்கு எதிரானது. ஆயில் ஆவி சாலையிலும் வண்டிக்குள்ளும் வரும். குழாயில் விட்டுப்போன துளையை ஒழுங்காக மூடாவிட்டால், டர்போ அந்த வழியாக மண்ணை உறிஞ்சும். பழைய கதை முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

*ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போகிறதே?*

அதுவும் ஆபத்துதான். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்-6 டீசல் கார்களில் புகைக் கரியை எரிக்கும் வடிகட்டி உண்டு. குறைந்த தூரமே ஓட்டினால் அந்த வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலக்கலாம். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே நிலைதான். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாசம் தெரியும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

*பெட்ரோல் டர்போ காருக்கும் இது உண்டா?*

உண்டு. அதில் பி.சி.வி. என்னும் சின்ன வால்வு ஒன்று அடைத்துக்கொண்டாலும் இதே கோளாறு வரும். முதலில் அதைப் பாருங்கள். விலை குறைந்த சாமான் அது.

*இன்ஜின் தானாக ஓட ஆரம்பித்தால்?*

கியர் வண்டியாக இருந்தால் மேல் கியர், முழு பிரேக், பிறகு கிளட்ச்சை விடுவது. வண்டியை ஓட்டுபவர் இதை உடனே செய்ய வேண்டும். நிற்கவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். காற்று உறிஞ்சும் வாயைக் கையால் மூடப் போகாதீர்கள். இன்ஜின் பக்கத்தில் குனியவும் வேண்டாம்.

இப்போது அந்த வீட்டில் ஏர் ஃபில்டருக்குக் காற்று அடிப்பது கிடையாது. மில் பக்கம் அதிகம் போகும் மாதங்களில், கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே புதிது மாற்றுகிறார்கள். ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், தென்னைக்கு உரம் வைத்த கணக்கு எழுதும் அதே நோட்டில் ஏறுகின்றன. நீண்ட தூரம் ஓடி வந்த வண்டியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகு அணைக்கிறார்கள். அடுத்து டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால், பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அவர்கள் கேட்கப் போவது ஒன்றுதான்: "பிரீதரைப் பாத்தீங்களா தம்பி?"